வளையப் பாதையில் இரண்டு பேர்

மருமகளுக்கு ஆட்களின் முகம் பார்த்துப் பழக்கமில்லை. கால் பார்த்துத்தான் பழக்கம்.

மலைப் பூங்காவின் வாசலில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால், ஒரு பெரிய வரைபடத்தை மேசையில் விரித்து வைத்துக்கொண்டு, வருகிறவர்களுக்கு எந்தப் பாதையில் நடக்கலாம் என்று சொல்லி அனுப்புவது அவள் வேலை. பூங்கா என்றதும் ஊஞ்சலும் சறுக்குமரமும் நினைத்துக்கொள்ளக் கூடாது. மலை மேல் மலையாக, போனால் திரும்பி வரவே நாள் போதாத இடம் அது. பச்சை அடையாளம் போட்ட பாதையில் குழந்தையும் நடக்கலாம். மஞ்சளுக்கு மூச்சு வேண்டும். சிவப்புக்கு மூச்சோடு கொஞ்சம் முட்டாள்தனமும் வேண்டும் என்று வீட்டில் சொல்வாள். மேசையில் சொல்ல மாட்டாள்.

வருகிறவர்கள் கேட்பது எப்போதும் ஒன்றுதான். "இருக்கறதுலயே அழகான பாதை எது?"

அவள் திருப்பிக் கேட்பதும் ஒன்றுதான். "உங்கள்ல மெதுவா நடக்கறவங்க யாரு?"

கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும். கடைசியில் எல்லாக் கண்களும் யாரோ ஒருவர் மேல் போய் நிற்கும். அந்த ஆளின் காலுக்குத்தான் பாதை. இது அவள் சட்டம். ஆனால் அந்த ஆள் சொல்வதை அவள் நம்ப மாட்டாள். வயதைக்கூட உண்மையாகச் சொல்லிவிடுகிற மனுஷர்கள் முழங்காலைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். அதனால் எட்டிப் பார்த்து, ஷூவின் அடிப்பாகம் எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது, நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறார் என்று கவனித்துக்கொண்டுதான் விரலை வரைபடத்தில் வைப்பாள்.

அப்படிப்பட்டவள் இன்று காலையில் தன் சட்டத்தைத் தானே மீறினாள். அதுவும் சொந்த மாமனார் விஷயத்தில்.

கதையை இத்தனை வாரமாகத் தொடர்ந்து வருகிறவர்களுக்குக் காரணம் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மாமனார் மலை ரோட்டில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். மகன் லிஃப்ட் மெக்கானிக்; மேலே போவதும் கீழே வருவதுமே பிழைப்பு. அவனுக்குத் தூரத்து நகரத்தில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. அடுத்த வாரம் கிளம்புகிறான். வீடு பார்த்துவிட்டு மனைவியையும் அழைத்துக்கொள்வான். "போறவன் போகட்டும்" என்று அப்பா சொன்ன நாள்தான் இரண்டு பேரும் நேருக்கு நேர் பேசிய கடைசி நாள். அது மழைக்காலத்தில்.

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் மருமகள் வழியாகத்தான்.

"உன் புருஷன்கிட்ட சொல்லும்மா, பாத்ரூம் குழாய் ஒழுகுது."

புருஷன் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருப்பான். "வாஷர் வாங்கிட்டேன்னு அப்பாகிட்ட சொல்லு."

சம்பளமில்லாத டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் மாதிரி ஆகிப்போனாள். வேடிக்கையாகத்தான் ஆரம்பித்தது. போகப் போக, சாப்பாட்டு மேசைக்கு வரவே கால் கூசியது. கிளம்புவதற்குள் இரண்டு பேரும் பேசாவிட்டால் பிறகு ஆயுசுக்கும் பேச மாட்டார்கள் என்ற பயம் அவளைத் தூங்கவிடவில்லை.

அதனால்தான் மஞ்சள் வளையப் பாதை.

வாசலிலிருந்து ஏறினால் ஒரு கல் பெஞ்ச் வரும். அங்கே பாதை இரண்டாகப் பிரியும். இடது பக்கம் ஓடையோரமாகப் போகும், வலது பக்கம் மேட்டு வழியாகப் போகும். இரண்டும் குன்றைச் சுற்றிக்கொண்டு அதே பெஞ்சுக்கு வந்து சேரும். குறுக்கு வழி கிடையாது. போனில் சிக்னல் கிடையாது. கோபித்துக்கொண்டு பாதியில் வீட்டுக்கு வர முடியாது. காலுக்குத் தகுந்த பாதையைப் பார்க்காமல், சண்டையின் நீளத்துக்குத் தகுந்த பாதையாகப் பார்த்துவிட்டாள்.

காலையில் இரண்டு பேரையும் மேசை முன்னால் நிறுத்தியபோது, பேருக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, முழங்கால் எப்படி இருக்கு?"

"வருஷக்கணக்கா கிளட்ச் மிதிச்ச கால்மா இது. அதுக்கென்ன."

நம்பிவிட்டாள். நம்புவது வசதியாக இருந்தது.

கையில் கொடுத்த வரைபடத்தை அவர் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "மலையே எனக்கு மனப்பாடம். இது எதுக்கு" என்றார். வழக்கம்போல ஷூவைப் பார்த்தாள். அடிப்பாகம் சரியாக இருந்தது. லேஸில் மட்டும் ஒரு துளை விட்டுப்போய், கோணலாகக் கட்டியிருந்தார். தடுப்புக்கு வெளியே வந்து, குனிந்து அவளே பிரித்துக் கட்டிவிட்டாள். எங்கே மனசு மாறித் திரும்பிவிடுவார்களோ என்று, வழக்கமாகச் சொல்கிற எச்சரிக்கைகளைக்கூடச் சொல்லாமல் வாசல் வரை கொண்டுபோய்விட்டு வந்தாள்.

மதியம் ஆயிற்று. உச்சியில் மேகம் இறங்கத் தொடங்கியது. மஞ்சள் பாதையில் இவர்களுக்குப் பின்னால் போன கூட்டங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி, ஐஸ்கிரீம் வண்டியைச் சுற்றி நின்றன. மருமகள் யாருக்கோ பாதை சொல்லிக்கொண்டே வாசலைப் பார்த்தாள். பச்சைப் பாதை கேட்டவருக்குச் சிவப்பைக் காட்டிவிட்டு, மன்னிப்புக் கேட்டுத் திருத்தினாள்.

அப்போதுதான் கணவன் வந்தான். தனியாக வந்தான்.

சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

"அப்பா வந்துட்டாரா?"

"உங்ககூடதானே போனாரு?"

"இல்ல. பெஞ்ச் வரைக்கும்தான் கூட வந்தாரு."

"பேசினீங்களா?"

"பேசினோம். அதுதான் வினையாப் போச்சு."

பெஞ்ச் வரை ஒரு வார்த்தை பேசாமல் ஏறியிருக்கிறார்கள். அங்கே போனதும் மாமனார் நின்றுவிட்டார். பிரிகிற இடத்தில் இருக்கிற பாறையையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"மஞ்சள் அடையாளம் தட்டு அகலத்துக்குப் போட்டிருக்கு. அதையே உத்துப் பாத்துட்டு நிக்கறாரு. என்னப்பா, தெரியலையான்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். எனக்கு வழி சொல்லித் தர்றியா நீ, உன் வழிய நீ பாத்துட்டுப் போன்னு கத்திட்டு இடது பக்கம் இறங்கிட்டாரு."

"நீங்க என்ன பண்ணீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "வலது பக்கம் போனேன்."

"என்னங்க இது?"

"எனக்கும் கோவம். வளையம்தானே, எதிர்ல வந்துதானே ஆகணும்னு நினைச்சேன். வர்றப்போ பேசிக்கலாம்னு ஒவ்வொரு திருப்பத்துலயும் அவர்கிட்ட என்ன சொல்றதுன்னு யோசிச்சுட்டே போனேன். முழுசா சுத்திப் பெஞ்சுக்கே வந்துட்டேன். அவர் எதிர்ல வரவே இல்ல."

மருமகள் வரைபடத்தை இழுத்துத் தன் பக்கம் திருப்பினாள்.  ஒரு வளையத்தில் எதிரெதிராகப் போகிற இரண்டு பேர் சந்தித்தே தீர வேண்டும். சந்திக்கவில்லை என்றால் ஒருவர் வளையத்தில் இல்லை. இடது பக்கம் ஓடையோரமாக விரலை நகர்த்திக்கொண்டே போனவள், ஒரு இடத்தில் நின்றாள்.

அந்த இடத்தில் நடைபாதை பழைய பஸ் ரோட்டைக் குறுக்கே கடக்கிறது. கடந்ததும் எதிர்ப் பாறையில் மஞ்சள் அடையாளம் இருக்கும். அதைப் பார்த்து ஏறிவிட வேண்டும். பார்க்காமல் ரோட்டோடு இறங்கினால், வாசலுக்கே வந்துவிடலாம் போலத்தான் தோன்றும். வர முடியாது. நடுவில் கொண்டை ஊசி வளைவு ஒன்று போன மழையில் சரிந்து பள்ளத்தோடு போய்விட்டது.

"ரோட்டைத் தாண்டினதும் பாறையைப் பாருங்க, தயவுசெஞ்சு ரோட்டோட போகாதீங்க." மஞ்சள் பாதை கேட்கிற ஒவ்வொருவருக்கும் தினமும் சொல்கிற வாசகம் இது. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முன்பின் தெரியாத அத்தனை பேருக்கும் சொன்னவள், சொந்த வீட்டு ஆட்கள் இரண்டு பேருக்கும் சொல்லவில்லை. ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம். அந்தப் பல்லி தான்தான் என்று அவளுக்கு அந்த நிமிடம் விளங்கியது.

வளைவு சரிந்ததை வீட்டிலாவது சொல்லியிருக்கலாம். அடுத்தவர் பேச்சைச் சுமந்து சுமந்தே சாப்பாடு முடிந்துவிடும். தன் பேச்சைச் சொல்ல அவளுக்கு முறை வந்ததே இல்லை.

"அவரு பழைய ரோட்டுல இறங்கியிருப்பாருங்க" என்றாள்.

"எதுக்கு? அடையாளத்தை விட்டுட்டா?"

"மாமா ஓட்டின ரோடுங்க அது. முழங்கால் வலிச்சிருக்கும். ஏத்தம் வேணாம், ரோட்டோட போயிடலாம்னு இறங்கியிருப்பாரு. ரோடுன்னு ஒண்ணு இருந்தா அது எங்கயாவது கொண்டுபோய் விடும்னு அவரே சொல்வாரே."

 வளைவு சரிந்த கதையை அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் வாசலை நோக்கி நடக்க ஆரம்பித்துவிட்டான்.

ரோந்து ஜீப் வைத்திருக்கிற காவலருக்கு 'மீசை' என்று பெயர். மீசை கிடையாது, அது வேறு கதை. விஷயத்தைக் கேட்டதும் அவர் சாவியை எடுத்தார். மேசையைப் பக்கத்து இருக்கைக்காரியிடம் விட்டுவிட்டு மருமகளும் ஓடினாள்.

பழைய ரோட்டை மறித்துக் கட்டியிருந்த சங்கிலியை அவர் அவிழ்த்துக்கொண்டிருந்த நேரத்தில், சிக்னல் போய்விடுமே என்று மாமியாருக்குப் போன் செய்தாள்.

"அத்தை, பதறாதீங்க. மாமா கொஞ்சம் வழி மாறிப் போயிட்டாரு. நாங்க கூப்பிடத்தான் போறோம்."

 மாமியார் கேட்ட கேள்வி மருமகள் எதிர்பார்க்காதது.

"அவன்கிட்ட சொல்லிட்டாரா?"

"எதை அத்தை?"

"அப்போ சொல்லல." ஒரு பெருமூச்சு. "இன்னைக்கு நடந்துட்டே சொல்லிடறேன்னுதான் கிளம்பினாரு. சரி விடு, அவர் வாயால வரட்டும். நான் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்."

"அத்தை, உடம்புக்கு ஏதாவதா? நெஞ்சு வலியா?"

"அதெல்லாம் இல்ல. அவன் அவரைத் தனியா விட்டுட்டானா?"

மருமகள் ஜீப்பருகே நின்ற கணவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ஏம்மா, தனியா விடாதீங்க. மேடு பள்ளம் வந்தா கையைப் பிடிச்சுக்கங்க. அவர் வேணாம்னாலும் பிடிச்சுக்கங்க."

ஜீப் உறுமியது. பேச்சு அறுந்தது.

மேலே போகப் போக மேகம் கண்ணாடியில் வந்து அப்பியது. மீசை, விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தார். கணவன் ஜன்னலில் தலையை நீட்டி "அப்பா, அப்பா" என்று கத்திக்கொண்டே வந்தான். போகப் போகத் தொண்டை கட்டி, சத்தம் காற்றாகிவிட்டது. மருமகள் மடியில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாமியார் சொன்னதை இவனிடம் சொல்லலாமா, வேண்டாமா? இதுவும் ஒரு சேதிதான். இந்த ஒரு சேதியை மட்டும் அவளால் கடத்த முடியவில்லை.

"நான் அவர் பின்னாடியே போயிருக்கணும்" என்றான் கணவன்.

"நான் உங்களை அனுப்பியே இருக்கக் கூடாது."

"எனக்கு அவர்மேல கோவமே இல்ல, தெரியுமா? போகாதேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேன். சொல்லல. அதுலதான் கோவம்."

"இதை அவர்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்டதான் சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன்" என்றான். சொன்ன பிறகு அவனுக்கே கேவலமாக இருந்திருக்க வேண்டும். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

சரிந்த வளைவுக்கு முன்னால் ஜீப் நின்றது. "இதுக்கு மேல சக்கரம் போகாது" என்றார் மீசை. இரண்டு பேரும் குதித்து ஓடினார்கள்.

ஓடுகிற ஓட்டத்திலேயே மேகம் விலகியது. வளைவைத் திரும்பியபோது வெயில் பளிச்சென்று அடித்தது. எதிர் மலையின் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாகத் தெரிந்தது. அவர்கள் காலுக்கு முன்னால் ரோடு வெட்டி எடுத்தது போல முடிந்திருந்தது. ஒரு பஸ் நீளத்துக்கு வெறும் ஆகாயம். கீழே எங்கேயோ ஓடை இரைந்தது. அந்தப் பக்கம் ரோடு மறுபடி ஆரம்பித்து மேலே ஏறிப் போனது.

அந்த ரோட்டில் மாமனார் இறங்கி வந்துகொண்டிருந்தார்.

நடு ரோட்டில், நிமிர்ந்து வந்தார். மருமகளின் கண் பழக்கதோஷத்தில் காலுக்குத்தான் போனது. நொண்டவில்லை, தளரவில்லை, அவள் கட்டிவிட்ட லேஸ் அவிழவில்லை. முழங்காலில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு அடியையும் வைப்பதற்கு முன்னால் பாதம் தரையை ஒருமுறை தடவிப் பார்த்தது. வலது கை முன்னால் கொஞ்சம் நீண்டிருந்தது.

விளிம்புக்கு இன்னும் சில அடிகள்தான். வெயிலில் அந்த விளிம்பு கறுப்புக் கோடாகத் தெரிந்தது. அவர் அதைப் பார்த்த மாதிரியே இல்லை. வேகம் குறையாமல் வந்தார்.

கணவன் அவள் கையை இறுக்கிப் பிடித்தான். "அப்பாவ நிக்கச் சொல்லு" என்றான்.

அந்த நேரத்திலும் அவளிடம்தான் சொன்னான். அத்தனை மாதப் பழக்கம்.

"நீங்க சொல்லுங்க" என்று அவனை முன்னால் தள்ளினாள்.

"நில்லுங்க" என்று அலறினான். கட்டிப்போன தொண்டையிலிருந்து வந்தது அவன் குரலாகவே இல்லை. ஓடையின் இரைச்சலில் பாதி கரைந்தது.

மாமனார் நின்றார். முகத்தைச் சத்தம் வந்த திசைக்குத் திருப்பினார். சரியாகத் திருப்பவில்லை. அவர்கள் நின்ற இடத்துக்குப் பக்கத்தில், ஆளில்லாத பாறையைப் பார்த்துச் சிரித்தார்.

"யாரு தம்பி அது?" என்றார்.

மருமகள் ஆரஞ்சு நிறச் சீருடை போட்டிருந்தாள். மலையில் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொடுத்த நிறம் அது. வெயில் அதன் மேல் நேராக அடித்தது. அவளுக்கு லேஸ் ஞாபகம் வந்தது. பிரிக்காமல் மடித்து வைத்த வரைபடம் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாக, உன் வாயால கேட்டா நல்லா இருக்கும்மா என்று பேப்பரை அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொல்வது ஞாபகம் வந்தது. இத்தனை கால்களைப் பார்த்தவள் ஒருவரிடமும் கண்ணைப் பற்றிக் கேட்டதே இல்லை.

கணவனுக்கும் விளங்கிவிட்டது. என்னப்பா, தெரியலையா என்று பெஞ்சருகே கேட்டதும், அதற்கு வந்த கோபமும் இப்போதுதான் அவனுக்கு ஒன்று சேர்ந்தன.  

"இந்த ரோடு கீழ வாசலுக்குத்தானே போகுது தம்பி?" என்றார் மாமனார். அந்நியரிடம் பேசுகிற மரியாதைக் குரல். வீட்டில் யாரும் கேட்டிராத குரல். "எனக்குத் தெரிஞ்ச ரோடுதான். என் பையனும் வந்திருக்கான். கோவத்துல ஆளுக்கொரு பக்கம் வந்துட்டோம். மலை வழி அவனுக்குப் பழக்கமில்ல. எங்கயாவது தேடிட்டு இருப்பான். பாத்தா, அப்பா ரோட்டோட பத்திரமா போயிட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லிடறீங்களா?"

கணவனின் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது.

"சொல்லிடறேன்" என்றான். கத்தியும் கரகரப்பாகத்தான் வந்தது. "நீங்க அங்கயே உக்காருங்க."

"உக்கார எங்க நேரம்" என்று மாமனார் பாதத்தைத் தூக்கினார்.

"அப்பா."

தூக்கிய பாதம் எடுத்த இடத்திலேயே இறங்கியது. அந்நியருக்காக வைத்திருந்த சிரிப்பு அவர் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்றது. நீட்டியிருந்த கையைச் சட்டென்று மடக்கி முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரமா" என்று ஆரம்பித்து, நிறுத்தி, மறுபடி கேட்டார். மழைக்காலத்துக்குப் பிறகு கோபமில்லாமல் அவர் மகனிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தைகள் அவை.

"எவ்வளவு நேரமாடா பாத்துட்டு நிக்கிறே?"